கேப்டன் கழற்றாத கடிகாரம்

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் நான் நழுவிவிடுகிறேன், இனி எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருப்பவளுக்கு எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று நாள் என்று சொல்லித்தான் இந்தத் துறைமுக ஊருக்கு வந்தேன். இன்று ஒன்பதாவது நாள். ஆனால் அந்தக் கடிகாரத்தை நீ பார்த்திருந்தால் இப்படிக் கோபப்பட மாட்டாய். ஐம்பத்தெட்டாம் வருஷத்து சுவிஸ் கடிகாரம், எஃகு உடம்பு, பக்கவாட்டில் இரண்டு பொத்தான். கறுப்பாக இருந்த டயல் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து கடுங்காபி நிறத்துக்கு வந்திருக்கிறது. இந்தப் பழுப்புக்காகவே என்னைப் போன்ற பைத்தியங்கள் ஊர் ஊராக அலைகிறோம். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒன்றை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வைத்திருப்பவரை ஊரில் கேப்டன் என்கிறார்கள். உண்மையில் கேப்டன் இல்லை. பெரிய கப்பல்கள் உள்ளே வரும்போது சின்னப் படகில் போய் ஏறி, வழி காட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் வேலை பார்த்தவர். வயது எண்பத்தொன்று. மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கடிகாரம் கையிலேயே இருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறார்.

“விக்கிறேன்னுதானே வரச் சொன்னீங்க?” என்று முதல் நாளே கேட்டேன்.

“விக்கிறேன். இன்னிக்கு இல்ல. உட்காரு, சாப்டுட்டுப் போ.”

தினமும் இதே பேச்சு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுதி அறையில் நாலு நடை நடந்தால் சுவர் வந்துவிடுகிறது. இன்னும் நாலே நாள் கொடு. அப்பாவிடம் என் பேச்சை எடுக்காதே.

தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

உன் கடிதம் முழுக்கக் கடிகாரம். அப்பா கடைசி வரியில் வருகிறார், அதுவும் எடுக்காதே என்று சொல்வதற்கு.

உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், பதிவில் இருக்கட்டும். ஜனவரியில் அப்பா குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பில் ஆபரேஷன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடப்பார், பதினோராவது அடியில் என்னைக் கூப்பிடுவார். எனக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. மூன்று முறை விண்ணப்பித்து மூன்றாவது முறை கிடைத்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி அங்கே சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இத்தனையும் கேட்டுவிட்டு நீ என்ன சொன்னாய்? “மார்ச் ஒண்ணாம் தேதி நான் வந்துடறேன்க்கா, நீ நிம்மதியா கிளம்பு.” அப்படிச் சொன்ன நீ பிப்ரவரி இருபத்து நாலாம் தேதி வண்டி ஏறிவிட்டாய்.

நீ போனது கடிகாரத்துக்காக இல்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஆறு வருஷமாக இந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. ஏறியே ஆக வேண்டிய நாள் நெருங்கியதும் ஓடிவிட்டாய். அம்மா போன அன்றும் ஒரு கடிகார ஏலத்தில்தான் இருந்தாய். அன்று அப்பா உன்னிடம் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு ஐம்பத்தோரு வயது. என் வாழ்க்கையில் நானாகக் கேட்டு வாங்கியது இந்த ஒரு மாற்றல்தான்.

கிளம்பி வா.

அக்கா

மார்ச் 10

அக்கா,

நீ எழுதாவிட்டால் என்ன, எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். “கடைசி மூச்சு வரைக்கும் உன் பேரையே சொல்லிட்டுப் போனா. நீ போய்க் கடிகாரம் வாங்கிட்டு வா.” அன்று ஏலத்தில் எடுத்ததை நான் இதுவரை ஒரு நாளும் கட்டியதில்லை. இழுப்பறையைத் திறக்கும்போது அது இருக்கும் மூலையைப் பார்ப்பதும் இல்லை.

நேற்று இங்கே ஒன்று தெரிந்தது. கேப்டன் வீட்டில் சமைக்கும் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “நீங்க ஏழாவது ஆளு தம்பி. இதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு மாசம் இருந்தாரு. யாருக்காவது குடுத்தாரா என்ன?”

புரிகிறதா? அந்தக் கடிகாரம் தூண்டில் புழு. ஒருவன் வருவான், ஆசையில் தினமும் வருவான், செய்தித்தாளில் கப்பல் வரவுப் பட்டியலை வாசித்துக் காட்டுவான், கூட உட்கார்ந்து சாப்பிடுவான். சலித்துப் போய் அவன் கிளம்பினால் அடுத்தவனுக்குத் தகவல் போகும்.

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஏன் என்று கேட்காதே. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் கேப்டனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோல் காகிதம் மாதிரி இருக்கிறது. ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

வருகிறேன். தேதி மட்டும் கேட்காதே.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதம் அப்பா கையில் சிக்கிவிட்டது. நான் சலவைக்காரரிடம் துணி கொடுக்க வாசலுக்குப் போன நேரத்தில் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறார். முதல் கடிதத்தையும் மேஜையிலிருந்து எடுத்திருக்கிறார். நான் உள்ளே வந்தபோது இரண்டும் அவர் மடியில் இருந்தன. கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கடிதங்களை மடித்து என்னிடம் கொடுத்தார். சாப்பிடும்போது திடீரென்று, “அந்த ஆளு விக்க மாட்டான்” என்றார்.

“எந்த ஆளு?”

“கப்பல்காரன். விக்கிறவன் பொருளை மேஜை மேல வைப்பான். இவன் கையில கட்டிட்டு உக்காந்திருக்கான்.”

பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், எது கிளம்பாது என்று டிரைவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி சொன்னார்: “மூணு நாள் கடிகாரத்தைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது. அப்பத்தான் அவனுக்கே சந்தேகம் வரும்.”

“யாருகிட்ட சொல்றீங்க?”

“சும்மா சொன்னேன்.”

இதை உனக்கு எழுதுவதற்கு எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நீ அங்கே யாரோ ஒருவருக்குக் கப்பல் பட்டியல் வாசிக்கிறாய். நான் இங்கே உன் கடிதம் வந்ததா என்று காலையில் இரண்டு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் கேட்கும் மனிதரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டு நீ ஓடுகிறாய், உன் பெயரைச் சொல்லாமலே அவர் உன்னைப் பற்றியே பேசுகிறார். நடுவில் என் முதுகு போகிறது. நேற்று அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது, அரை மணி நேரம் இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம்.

தேதி சொல்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

அப்பா சொன்னபடி செய்தேன். மூன்று நாள்கூடத் தேவைப்படவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து கடிகாரப் பேச்சே எடுக்கவில்லை. கப்பல்களைப் பற்றிக் கேட்டேன், சமையலைப் பற்றிக் கேட்டேன். இன்று காலை கேப்டனே பொறுக்க முடியாமல், “என்ன, ஆசை போயிடுச்சா?” என்று சொல்லி ஸ்ட்ராப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, குழந்தைத் தோல் போல இருந்தது.

“நீ கேட்ட விலைக்கே எடுத்துக்கோ. மத்தவனுங்க எல்லாம் என் கையைப் பார்த்தானுங்க. நீதான் என்கூட உக்காந்து சாப்ட்ட.”

ஜன்னல் பக்கம் போய்க் கண்ணில் லென்ஸை இடுக்கினேன். அக்கா, அந்த டயல் மறுபடி பெயிண்ட் அடித்தது.

நான் பல் லேபில் செயற்கைப் பல் செய்கிறவன். நிஜப் பல்லுக்கும் நான் செய்த பல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. மூன்று என்ற எண்ணின் வளைவு தடித்திருக்கிறது. நிமிஷக் கோடுகளில் பதினேழாவது கோடு பக்கத்துக் கோட்டைவிட மயிரிழை நீளம். கம்பெனி அச்சில் அப்படி வராது, யாரோ கையால் போட்டது. பழுப்பு உண்மையானதுதான், ஆனால் அது அந்தப் பெயிண்டின் பழுப்பு. எங்கள் உலகத்தில் டயல்தான் முகம். முகம் மாற்றியது என்று தெரிந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவருக்குத் தெரியாது. ஒரு கல்யாண நாளுக்கு முன்னால் அவர் மனைவி கடைக்குக் கொண்டுபோய்த் துடைத்து வாங்கி வந்தாராம். “புதுசு மாதிரி மின்னுச்சு!” என்று சிரிக்கிறார்.

யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருகிற இருபத்திரண்டாம் தேதி இதைப் பார்க்க ஒரு கடிகார வியாபாரி வருகிறான். அவனை எனக்குத் தெரியும். லென்ஸை எடுத்த அடுத்த நிமிஷம் முகத்துக்கு நேரே சிரிப்பான். நான் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அவர் மனைவி கெடுத்துவிட்டாள் என்று சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால் அவன் சொல்வான்.

அப்பாவிடம் கேட்டு எழுது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் கடைசி வரியை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை அவரே வாசிக்கச் சொன்னார். “எனக்குத் தெரியாதுன்னு எழுது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியம் காபி கொண்டுபோனபோது அதே நிலையில் இருந்தார். டம்ளரை வாங்கவில்லை.

“சொல்லச் சொல்லு. அடுத்தவன் வாயால கேக்கக் கூடாது அந்த ஆளு.” பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு, “நம்ம விஷயத்தையும் எழுதிடு” என்றார்.

“எது?”

“உனக்குத் தெரியும்.”

தெரியும். எழுதுகிறேன். அம்மா உன்னைக் கேட்கவில்லை. அன்று காலை ஏழு மணியிலிருந்தே அம்மாவுக்கு நினைவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை, என்னுடையதையும் அப்பாவுடையதையும்கூட. நீ பெட்டியோடு வராந்தாவில் ஓடி வந்ததைப் பார்த்ததும் அப்பாவுக்கு வந்த கோபத்தில் வாயில் வந்த வார்த்தை அது. மறுநாளே திருத்தியிருக்கலாம். நீ வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் உன்மேல் கோபம் இருந்தது. உனக்குக் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் என்பது ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அக்கா

மார்ச் 26

தம்பிக்கு,

ஒரு வாரமாகப் பதில் இல்லை. விடுதிக்குப் போன் செய்தேன். அறையில்தான் இருக்கிறார், காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறார் என்றார்கள். ஆக, உயிரோடு இருக்கிறாய்.

இனி நீ வருவாய் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. இருபத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் புது ஊருக்குக் கிளம்புகிறேன். அந்த ரயில் உன் ஊர் வழியாகத்தான் போகிறது. பத்து மணி நாற்பதுக்கு வரும், பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். அப்பா என்னோடு வருகிறார். பெட்டி எண் நாலு. சக்கர நாற்காலியோடு பிளாட்பாரத்தில் நின்று அவரை இறக்கிக்கொள்.

நான் பயந்த மாதிரி அவர் மறுக்கவில்லை. “அந்தக் கப்பல்காரனைப் பார்க்கணும்” என்று சொல்லி, முந்தாநாளே சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிவிட்டார்.

மாத்திரைகள் நீலப் பையில், வேளைக்கு வேளை தனியாகக் கட்டியிருக்கிறேன். இடது பக்கம் பிடித்துத் தூக்காதே, கத்துவார். காது கேட்கவில்லை என்பார், எல்லாம் கேட்கும். குளிக்கும்போது கதவைத் தாழிட விடாதே. கீழ்த்தளத்தில் அறை பார்.

இந்தக் கடிதம் கிடைக்கும் என்று நம்புகிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறோம்.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

புது முகவரிக்கு முதல் கடிதம்.

பிளாட்பாரத்தில் பேச நேரமில்லாமல் போயிற்று. ரயில் நகர்ந்ததும் நீ ஜன்னல் வழியாக, “பல் செட்டு டப்பா! பையில இல்ல, கூடையில!” என்று கத்தியதுதான் கடைசி. உன் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், “எந்தப் பக்கம் வெளிய போறது?” என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

உன் கூரியர் வந்த அன்றே கேப்டனிடம் சொல்லிவிட்டேன். லென்ஸைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். கண் மங்கல், தெரியவில்லை. “பொய் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறியா? எந்திரிச்சுப் போடா வெளியே!” என்றார். இரண்டு நாள் வீட்டுக்குள் விடவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பட்டியலைச் சமையலம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்குக் கேட்கும்படி. இருபத்திரண்டாம் தேதி அந்த வியாபாரி காரிலிருந்து இறங்கினான். அவன் உட்காருவதற்கு முன்னாலேயே கேப்டனின் குரல் வெளியே கேட்டது: “டயல் பெயிண்ட் அடிச்சது. என் பொண்டாட்டி ஆசையா செஞ்சது. பார்க்கணும்னா பாரு, விலை பேசாத.” அவன் பத்து நிமிஷத்தில் போய்விட்டான். பிறகு உள்ளிருந்து, “சாப்பாடு ஆறுது, வர்றவன் வரலாம்” என்று சத்தம் வந்தது.

அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். இருவரும் நண்பர்களாகிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை. “இந்த ஆளு மூச்சு விடாம பேசறான்” என்கிறார் அப்பா. “உங்கப்பாவுக்கு எல்லாத்துக்கும் ஒரு டைம் வேணுமா?” என்கிறார் கேப்டன். ஆனாலும் மறுநாள் ஒன்பது மணிக்கே அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக இருக்கிறார்.

கடிகாரத்தை நான் வாங்கவில்லை. இன்னமும் எனக்கு வேண்டும், அதுதான் உண்மை. பொய் முகம் என்று தெரிந்தும் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது. விலை இல்லாமல் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார், மாட்டேன் என்றேன். அது அவர் கையிலேயே இருக்கட்டும். போன வாரம் வேறொரு ஊரில் இதே மாடல் இருப்பதாகத் தகவல் வந்தது. ரயில் நேரம் பார்க்கக்கூட உட்கார்ந்துவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன். அதற்குள் அப்பா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார்.

முதல் தடவை குளிப்பாட்டியபோது இருவருக்கும் கூச்சம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் தண்ணீர் ஊற்றும்போது சொன்னார்:

“அவ கேக்கல.”

“அக்கா எழுதினா.”

“ம்.”

“தண்ணி சூடு போதுமா?”

“போதும்.”

அவ்வளவுதான். மாத இறுதியில் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய் நானும் அங்கேயே இருந்துகொள்கிறேன். லேபில் சொல்லிவிட்டேன். மாத்திரை மூன்று வேளையும் ஒழுங்காகப் போகிறது.

தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

இங்கே நீதிமன்றக் கட்டிடம் பெரிது. என் மேஜை மூன்றாவது மாடியில். நீதிபதி மெதுவாகப் பேசுகிறார், விரலுக்குச் சுகம். ஐந்தரைக்கு அறைக்கு வந்தால் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறேன். வாக்கர் தரையில் தட்டும் சத்தத்துக்குக் காது தயாராக இருக்கிறது. அது வருவதில்லை. எழுந்து எதையாவது துடைக்கிறேன். நானாகக் கேட்டு வாங்கிய வாழ்க்கை, இதில் என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அப்பாவுக்கும் உனக்கும் ஒரு செம்புத் தண்ணீரில் முடிந்துவிட்டது. எனக்கு என்ன எழுதியிருக்கிறாய்? பல் செட்டு டப்பா, மாத்திரை மூன்று வேளை. நான் அவர் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதினேனே, அதற்கு ஒரு வரி பதில் இல்லை. அப்பா கோபத்தில் சொன்னார். நான் யோசித்துச் சும்மா இருந்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே. திட்டுவதானால் திட்டு. இப்படிச் சும்மா இருக்காதே.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

மறக்கவில்லை. உன் பங்கை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன். கோபம் இருக்கிறது. ஆனால் நீ நினைக்கும் காரணத்துக்காக இல்லை.

அந்த வராந்தாவில் அப்பா அப்படிச் சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பொய்யைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருப்பவனுக்கு அது போதாதா? ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனால் நான் துருவிப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை. கடைசி மூச்சு வரை என் பெயரைச் சொன்னாள் என்பது என்னைக் கொன்றது, சரி. ஆனால் சொன்னாள் இல்லையா? அந்த நிலையிலும் அம்மாவுக்கு என் நினைவு இருந்தது இல்லையா? ஆறு வருஷம் அந்தத் தண்டனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அதற்குள் அம்மா இருந்ததால். நீ ஒரு பக்கத்தில் எழுதி அதை எடுத்துவிட்டாய். அந்த ஒரு வாரம் நான் பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான். நீ பொய்க்குத் துணை போனாய் என்பதற்காக எனக்கு வந்த கோபம் கொஞ்சம். உண்மையைச் சொன்னாய் என்பதற்காக வந்ததுதான் அதிகம். இதில் யாரை என்னவென்று திட்டுவது?

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை வரும். அதற்குள் நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம். கிளம்பி வா. இதெல்லாம் எழுதித் தீராது, நேரில் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட வேண்டும். அப்பாவுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு போடலாம்.

தம்பி